எல்லை தாண்டி டெண்டர் போடலாமா? நீலகிரி ஒப்பந்ததாரருக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர். கேரளத்து சுல்தான் பத்தேரியும் கர்நாடகத்துக் குண்டலுப்பேட்டையும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஊட்டிக்குப் போனால் மலையேற வேண்டும், மற்ற இரண்டுக்கும் போனால் மாநிலம் மாறிவிடும். நம் ஆட்களில் பாதிப் பேர் மலையாளம் பேசுவார்கள், கன்னடமும் ஓரளவு வரும். தாளூர், பாட்டவயல் பக்கத்துக் கொத்தனார்கள் காலையில் வயநாட்டுக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறார்கள். அதனால் "பத்தேரியில் ஒரு பள்ளிக் கட்டட வேலை வந்திருக்கு, போடலாமா அண்ணா?" என்று இளம் ஒப்பந்ததாரர்கள் கேட்பது சகஜமாகிவிட்டது. போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தடுப்புச் சுவர், பள்ளிக் கட்டடம், ஊராட்சிச் சாலை என்று இருபது ஆண்டுக்கு மேலாக எடுத்துச் செய்துவருகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்று வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றில் லாபம், ஒன்றில் போட்ட பணம் மட்டும் வந்தது, ஒன்றில் நஷ்டம். நஷ்டமான வேலையில் கட்டுமானத்தில் ஒரு குறையும் இல்லை. சுவர் இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. பிரச்சினை முழுக்க காகிதத்திலும் கணக்கிலும்தான் இருந்தது.

போவதற்கு நான்கு வழி உண்டு. அந்த மாநிலத்திலேயே பதிவு செய்து நேரடியாக டெண்டர் போடலாம். அங்குள்ள ஒருவருக்குக் கீழே சப் காண்ட்ராக்ட் எடுக்கலாம். ஒருவரோடு சேர்ந்து கூட்டாகப் போடலாம். அல்லது இங்கேயே இருந்து மத்திய அரசு வேலைகளில் பெயர் சேர்த்து அந்தச் சான்றிதழோடு வெளியே போகலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பணம் எவ்வளவு நாள் முடங்கும் என்று பார்க்க வேண்டும். லாப சதவீதத்தைப் பற்றிப் பேசும் பலர் இதைக் கணக்குப் போடுவதில்லை. உதாரணத்துக்கு ஒரு கோடி ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் போடும்போது 5 சதவீதம் உத்தரவாதத் தொகை, அது 5 லட்சம். வேலை நடக்க நடக்கப் போடும் ஒவ்வொரு ரன்னிங் பில்லிலும் 5 சதவீதம் பிடித்து வைத்தால் கடைசியில் இன்னொரு 5 லட்சம். பில் பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ், ஜிஎஸ்டிக்கு 2 சதவீதம், 2 லட்சம். தனிநபர் பெயரில் தொழில் நடந்தால் வருமான வரி டிடிஎஸ் 1 சதவீதம், 1 லட்சம். இந்த 13 லட்சமும் நம் பணம்தான், ஆனால் கையில் இருக்காது. கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம் திரும்பவே வராது. இதற்கு மேல் 15 லட்சம் ரூபாய் பில் இரண்டு நிலுவையில் நின்றால் 43 லட்சம் வெளியே கிடக்கும். அதற்கு வட்டி யார் கட்டுவது? இந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்பதற்குப் பதில் தெரியாமல் டெண்டர் ஆவணத்தைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாவது, வேலை முடிந்த பிறகு கையில் என்ன காகிதம் மிஞ்சும். அடுத்த பெரிய டெண்டரில் நுழைய அனுபவச் சான்றிதழ்தான் சாவி. மத்திய அரசு டெண்டர்களில் வழக்கமான அளவுகோல் இது: கடந்த ஏழு ஆண்டில் மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு இதே மாதிரி மூன்று வேலை, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒரே வேலை முடித்திருக்க வேண்டும். மாநிலங்களிலும் இதை ஒட்டியே கேட்கிறார்கள். ஒரு கோடி வேலையை முடித்துவிட்டுச் சான்றிதழ் இல்லாமல் வந்தால், அடுத்த ஒரு கோடி வேலைக்குத் தகுதி இல்லாமல் நிற்போம்.

மூன்றாவது, நுழைவுச் செலவு: பதிவு, வாடகை முகவரி, வங்கி உத்தரவாதம், ஆடிட்டர், போய்வரும் அலைச்சல். நான்காவது ஆளும் இயந்திரமும் மழையும். ஐந்தாவது, தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்பது என்பது. பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே அந்த மாநில நீதிமன்றம் என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போகும்.

சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழ் இருந்தால் இஎம்டி (டெண்டரோடு கட்டும் முன்பணம்) கட்ட வேண்டாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். சிறு தொழில்களுக்கான அந்தச் சலுகை பொருள் கொள்முதலுக்கும் சேவைகளுக்கும் வந்தது. கட்டுமான ஒப்பந்தங்களில் பொதுவாகச் செல்லாது. அதை நம்பி இஎம்டி கட்டாமல் டெண்டர் போட்டால் தொழில்நுட்பச் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

## எந்த வழியில் போனாலும் ஜிஎஸ்டியில் கவனம்

இதை நான் பட்டு அனுபவித்ததால் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டட வேலையைப் பொறுத்தவரை, சட்டப்படி சேவை நடக்கும் இடம் என்பது நிலம் இருக்கும் இடம். நம் பதிவு தமிழ்நாட்டில், வேலை குண்டலுப்பேட்டையில் என்றால் நாம் போடும் பில் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வேலைக்கான ஜிஎஸ்டி பில். கட்டுமான ஒப்பந்தத்துக்கு விகிதம் 18 சதவீதம். அரசு வேலைக்கு இருந்த 12 சதவீதச் சலுகை 2022 ஜூலை 18 முதல் போய்விட்டது. பழைய எஸ்டிமேட்டைப் பார்த்து ரேட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை சிக்கல் இல்லை. நாம் வாங்கும் பொருளில்தான் சிக்கல். எனக்கு கர்நாடகப் பதிவு இல்லாத நேரம் அது. சைட்டுக்குப் பக்கத்திலேயே கம்பி கிடைக்கிறதே என்று 9 லட்சம் ரூபாய்க்கு அங்கேயே வாங்கி இறக்கினேன். கடைக்காரர் அந்த மாநில வழக்கப்படி மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 9 சதவீதம், அந்த மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று பில் போட்டார். என் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண்ணையும் பில்லில் சரியாகத்தான் அடித்திருந்தார். அடுத்த மாதம் ஆடிட்டர், ஜிஎஸ்டி தளத்தில் நம் கொள்முதல் பில்கள் வரும் 2பி பட்டியலை எடுத்துக் காட்டினார். அந்த பில் "கிரெடிட் கிடைக்காது" என்ற பகுதியில் இருந்தது, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. இன்னொரு மாநிலத்தில் செலுத்திய எஸ்ஜிஎஸ்டியை மட்டும் அல்ல, அந்த பில்லின் சிஜிஎஸ்டியையும் தமிழ்நாட்டுப் பதிவில் எடுக்க முடியாது. 1,62,000 ரூபாய் போயிற்று. அந்த வேலையில் நான் எதிர்பார்த்த லாபத்தில் ஏறக்குறைய பாதி அது. கம்பியைக் கோவையில் வாங்கி, கூடலூர் யார்டுக்குக் கொண்டுவந்து, இ-வே பில்லோடு (சரக்கு கொண்டுபோகும் ஜிஎஸ்டி ரசீது) அனுப்பியிருந்தால் லாரி வாடகை கூடியிருக்கும், ஆனால் கிரெடிட் முழுதாகக் கிடைத்திருக்கும்.

அப்படியென்றால் அங்கே பதிவு எடுத்தே ஆக வேண்டுமா? சைட்டில் அலுவலகம், ஸ்டோர், நிரந்தர ஆட்கள் என்று வைத்துவிட்டால் தனிப் பதிவு எடுப்பதுதான் பாதுகாப்பு. ஜல்லி, எம்-சாண்ட், ரெடிமிக்ஸ் மாதிரி அங்கேயே வாங்கித் தீர வேண்டிய பொருள் அதிகம் என்றாலும் அதேதான். இரண்டு மாத வேலை, முக்கியப் பொருள் எல்லாம் இங்கிருந்து போகிறது என்றால் ஐஜிஎஸ்டி பில்லோடு சமாளிக்கலாம். ரேட் போடுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து இதைத் தீர்மானியுங்கள். வேலை கிடைத்த பிறகு கேட்டால் ரேட்டில் சேர்க்க முடியாது.

## வழி 1: பக்கத்து மாநிலத்தில் பதிவு செய்து நேரடியாகப் போடுவது

தொடக்கச் செலவு அதிகமான வழி. ஆனால் பில்லும் சான்றிதழும் நம் பெயரில் வரும்.

டிஜிட்டல் கையொப்பத்தில் பெரிய தடை இல்லை. மூன்றாம் வகுப்பு டிஎஸ்சி ஒன்று போதும், அதையே பல மாநிலத் தளங்களில் பதிந்துகொள்ளலாம். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டெண்டர் திறக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும். கேரளாவின் இ-டெண்டர் தளமும் நம் தமிழ்நாட்டுத் தளமும் மத்திய அரசின் தகவலியல் மையமான என்ஐசி செய்த ஒரே அமைப்பு என்பதால் பழகிய கைக்கு ஒரு நாளில் பிடிபட்டுவிடும். கர்நாடகத்தின் கேபிபிபி தளம் வேறு மாதிரி. முதல் டெண்டரைக் கடைசி நாளில் ஏற்றாமல் நான்கைந்து நாள் முன்பே முயன்று பாருங்கள்.

ஒப்பந்ததாரர் பதிவுக்குத்தான் நேரம் பிடிக்கும். பண வலுவைக் காட்டும் சால்வன்சி சான்றிதழ், செய்த வேலைகளின் பட்டியல், இயந்திரங்களின் ஆர்.சி., பொறியாளரின் சான்றிதழ், வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். சில டெண்டர்களில் வேறு மாநிலப் பதிவும் மத்தியப் பதிவும் ஏற்கப்படும் என்று இருக்கும், சிலவற்றில் இருக்காது. தகுதிப் பகுதியை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். உள்ளாட்சி வேலை என்றால் அறிவிப்பும் நிபந்தனையும் கன்னடத்திலோ மலையாளத்திலோ மட்டும் இருப்பது உண்டு. பேசத் தெரிந்தால் போதாது, சட்ட வாசகத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் நிறைய. வாடகை முகவரி, தனி ஜிஎஸ்டி எண், மாதாமாதம் தனிக் கணக்குத் தாக்கல், கர்நாடகத்தில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில் வரி. வேலை இல்லாத மாதத்திலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பிஎஃப் எண் நாடு முழுக்கச் செல்லும், இஎஸ்ஐக்கு அந்த மாநிலத்துக்கான துணைக் குறியீடு எடுக்க வேண்டியிருக்கும். வங்கி உத்தரவாதம் கேட்டால் நம் கிளை வைப்புத்தொகை கேட்கும், கமிஷனும் பிடிக்கும். டிப்பருக்கு நேஷனல் பெர்மிட் இல்லையென்றால் தற்காலிக பெர்மிட். ஜேசிபியை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு. இதோடு முடியவில்லை. குறை தீர்ப்புக் காலம் முடியும் வரை ஒரு விரிசலுக்கும் நாமே ஆள் அனுப்ப வேண்டும்.

கர்நாடகத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே அரசுக் கொள்முதல் 1999ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் வேலை ஒதுக்கீடு உண்டு. 2023இல் அந்த ஒதுக்கீடு பொருந்தும் வேலை மதிப்பின் உச்சவரம்பு 50 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்ந்தது. வேறு பிரிவினருக்கும் பின்னர் ஒதுக்கீடு விரிந்திருக்கிறது. நியாயமான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்மைப் போன்ற சிறு ஒப்பந்ததாரர் கண்வைக்கும் சிறு வேலைகளில் ஒரு பங்கு வெளியாருக்குத் திறந்திருக்காது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: ஒரே மாநிலத்தில் வரிசையாக மூன்று நான்கு வேலை எடுக்கும் எண்ணமும், 40 லட்சம் வரை ஆறு மாதம் முடங்கினாலும் சம்பளம் கொடுக்கும் வலுவும் உள்ளவருக்கு. ஒரே ஒரு வேலைக்காக இந்த வழியில் போனால் தொடக்கச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

## வழி 2: அங்குள்ளவருக்குக் கீழே சப் காண்ட்ராக்ட்

பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். நானும் இப்படித்தான் தொடங்கினேன். இஎம்டி இல்லை, பதிவு இல்லை, ஆள், சாமான், செண்ட்ரிங் பலகையோடு போய் இறங்கினால் போதும். மலையில் வேலை செய்த கைக்கு அங்கே மதிப்பு உண்டு. சரிவில் கருங்கல் கட்டு, கம்பி வலைக் கூடையில் கல் அடுக்கும் கேபியன் சுவர், நீர் வடிய வீப் ஹோல் விடுவது, பின்பக்கம் வடிகட்டிக் கல் போடுவது எல்லாம் நம் ஆட்களுக்குத் தினப்படி வேலை. சமவெளி ஒப்பந்ததாரர் இதற்காகவே தேடி வருவார்.

இதில் இரண்டு ஆபத்து உண்டு. முதலாவது பணம். "டிபார்ட்மென்ட் கொடுத்தால் தருகிறேன்" என்பதுதான் வழக்கம், பேக்-டு-பேக் என்பார்கள். அவர் பில் எப்போது பாஸாகிறது, எவ்வளவு வந்தது என்று பார்க்க நமக்கு வழி இல்லை. செய்த வேலையின் அளவு பதியும் எம்-புக்கில் கையெழுத்துப் போடுவது அவர். நாம் கட்டிய அளவும் அவருக்கு அளந்து கொடுத்த அளவும் வேறுபட்டால் கேட்க உரிமையும் இல்லை.

இரண்டாவது ஆபத்துதான் பெரியது. துறையின் புத்தகத்தில் நம் பெயரே இருக்காது. நான் செய்த முதல் வேலையில் 120 மீட்டர் தடுப்புச் சுவர். எட்டு மாதம், முப்பது ஆட்கள். முடிந்த பிறகு சான்றிதழ் கேட்டுப் பொறியாளரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். கோப்பைத் திறந்து காட்டி, "உங்கள் பெயரில் இங்கே ஒரு கடிதம்கூட இல்லையே, நான் எதை வைத்துக் கொடுப்பது?" என்றார். அவர் சொன்னது சரி. சப் காண்ட்ராக்ட் கொடுக்கத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அந்த அனுமதியை முதன்மை ஒப்பந்ததாரர் வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஊட்டியில் அதே மாதிரி ஒரு சுவருக்கு டெண்டர் வந்தபோது, அந்த 120 மீட்டரைக் காட்ட எனக்கு வழி இல்லை.

ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் வேலை தொடங்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை: துறையின் அனுமதிக் கடிதம், முத்திரைத்தாளில் ஒப்பந்தம், அளவு எடுக்கும்போது நம் ஆளும் உடன் இருக்கலாம் என்ற வரி, பில் பாஸான எத்தனை நாளில் பணம் என்ற வரி. பத்து நாளுக்கு ஒரு முறை இருவரும் கையெழுத்திட்ட அளவுத் தாள் ஒன்று நம்மிடம் இருக்கட்டும். "நமக்குள்ள எதுக்குப்பா இதெல்லாம்" என்று அவர் சொன்னால் அப்படியே வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

யாருக்குப் பொருந்தும்: ஒரு சீசனுக்கு அந்த ஊர் ரேட்டையும் பொருள் விலையையும் அதிகாரிகளையும் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு. படிப்புக் கட்டணம் என்று நினைத்து ஒரு வேலை, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதையும் இதே மாதிரி எடுத்தால் கூலி மேஸ்திரியாகவே நின்றுவிடுவோம்.

## வழி 3: கூட்டு ஒப்பந்தம்

இருவர் சேர்ந்தால் ஒருவரின் அனுபவமும் இன்னொருவரின் பண வலுவும் சேரும். காகிதத்தில் நான்கிலும் அழகான வழி இதுதான். இரண்டு கோடிக்குக் கீழே உள்ள வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முதல் காரணம், சிறு டெண்டர்களில் கூட்டு முயற்சிக்கு அனுமதியே பெரும்பாலும் இருக்காது. அனுமதி இருந்தாலும் தனி பான், தனி ஜிஎஸ்டி எண், தனி வங்கிக் கணக்கு, தனி வருமான வரித் தாக்கல் என்று புதிதாக ஒரு கம்பெனி நடத்துகிற வேலை வந்து சேரும்.

ஒப்பந்தத்தில் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்று ஒரு வரி வரும். கூட்டாளி பாதியில் விட்டுப் போனால் முழு வேலையும் நம் தலையில், அபராதமும் நம் தலையில் என்பதுதான் அதன் பொருள். எனக்குத் தெரிந்த குன்னூர்க்காரர் ஒருவர் 30 சதவீதப் பங்குக்குச் சேர்ந்தார். கடைசியில் முழு வேலையையும் அவரே முடித்தார். சான்றிதழில் மட்டும் 30 சதவீதம்தான் அவர் பெயரில் வந்தது, ஏனென்றால் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது அவ்வளவுதான்.

யாருக்குப் பொருந்தும்: கூட்டாளியோடு ஏற்கெனவே ஒரு வேலை செய்து, அவர் கணக்கையும் குணத்தையும் பார்த்தவருக்கு. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

## வழி 4: மத்திய அரசு வேலை வழியாகப் போவது

இதை நம் ஆட்கள் அதிகம் யோசிப்பதில்லை, எனக்கு அது வருத்தம். நீலகிரியில் மத்திய அரசு நிறுவனங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. வெலிங்டனில் ராணுவப் பணியாளர் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூரில் பாஸ்டர் நிலையம், ஊட்டியில் மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். வெலிங்டன் ராணுவக் கட்டடங்களின் வேலையை எம்இஎஸ் என்ற ராணுவப் பொறியியல் சேவை பார்க்கிறது. மலை ரயில் பாதை ஓரத்து வேலைகளைத் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம் டெண்டர் விடுகிறது. மற்ற பல மத்திய அலுவலகக் கட்டடங்களுக்கு மத்தியப் பொதுப்பணித் துறை இருக்கிறது.

இந்தப் பதிவின் பலன், மாநில எல்லை அதற்குப் பெரிதாகக் குறுக்கே வராது என்பது. வெலிங்டனில் முடித்த வேலையின் சான்றிதழை மைசூரில் ஒரு மத்திய நிறுவனத்தின் டெண்டருக்கு வைக்கலாம். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், முன்பு ராணுவ உணவு ஆய்வகமாக இருந்த ராணுவ ஆய்வகம் என்று மைசூரில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பல. கன்னடமோ மலையாளமோ படிக்க வேண்டாம், ஆவணம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். நான் பார்த்தவரை பில்லும் மாநில வேலையைவிட ஒழுங்காக வந்திருக்கிறது.

கஷ்டம் தரக் கட்டுப்பாட்டில். காங்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் கியூப் சோதனை, பொருள் சோதனை அறிக்கை, சைட்டில் பொறியாளர், பாதுகாப்பு அனுமதி என்று விடமாட்டார்கள். ராணுவப் பகுதிக்குள் போகும் ஒவ்வொரு ஆளுக்கும் அடையாள அட்டை வேண்டும். காலையில் வாசலில் அரை மணி நேரம் போவதை ரேட்டில் சேர்க்காவிட்டால் கையைக் கடிக்கும். முதல் பதிவு கீழ் வகுப்பில்தான் கிடைக்கும், மேலே போகச் சில ஆண்டு ஆகும்.

யாருக்குப் பொருந்தும்: அவசரம் இல்லாதவருக்கு. முப்பது முப்பத்தைந்து வயதில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| | நேரடிப் பதிவு | சப் காண்ட்ராக்ட் | கூட்டு | மத்திய அரசு |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | அதிகம் | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| பணம் முடங்குவது | அதிகம், ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரியும் | எங்கே நிற்கிறது என்றே தெரியாது | பாதிப் பாதி, கூட்டாளியைப் பொறுத்தது | நடுத்தரம் |
| சான்றிதழ் | முழுதாக நம் பெயரில் | அனுமதிக் கடிதம் இருந்தால் மட்டும் | பங்கு அளவுக்கு | முழுதாக, பல மாநிலத்தில் செல்லும் |
| மொழித் தொல்லை | உண்டு | குறைவு | குறைவு | இல்லை |
| தோல்வியானால் இழப்பு | இஎம்டி, உத்தரவாதத் தொகை | கொடுத்த கூலியும் சாமானும் | முழு வேலையின் பொறுப்பு | உத்தரவாதத் தொகை, பதிவுக்கே ஆபத்து |

## கேரளமா, கர்நாடகமா?

இரண்டிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். இரண்டு பதிவு, இரண்டு கணக்கு, இரண்டு அலைச்சல் நம் அளவுக்குத் தாங்காது. எதைத் தேர்வது என்பதை மழையை வைத்துத் தீர்மானிப்பது நல்லது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை மண்வேலை நடக்காது. தேவாலாவில் அப்போது கலவை போட்டால் கரைந்து ஓடும். வயநாட்டிலும் அதே மழைதான். ஆக கூடலூர்க்காரர் பத்தேரியில் வேலை எடுத்தால் இங்கும் அங்கும் ஒரே நேரத்தில் வேலை நிற்கும், ஒரே நேரத்தில் ஓடும். ஆட்களும் ஜேசிபியும் இரண்டு மடங்கு வேண்டும். குண்டலுப்பேட்டை மழை மறைவுப் பகுதி. இங்கே மழை கொட்டும் மாதங்களில் அங்கே வேலை ஓடும், சும்மா நிற்கும் ஆட்களுக்கும் இயந்திரத்துக்கும் நான்கு மாத வேலை கிடைக்கும். எனக்கு லாபம் கிடைத்த அந்த ஒரு வேலை இப்படித்தான் கிடைத்தது. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். நவம்பர் கடைசியில் காயத் தொடங்கும் வயநாடு அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

கர்நாடகப் பாதையில் ஒரு கஷ்டம், பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைப்பு. 2009இலிருந்து இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. யானைக்கும் மானுக்கும் அந்த ஒன்பது மணி நேரம் தேவைதான், அதை மாற்றச் சொல்ல மனம் வராது. நாம்தான் திட்டமிட வேண்டும். ஒரு முறை மறுநாள் காங்கிரீட்டுக்கான சிமெண்ட் லாரி, வழியில் டயர் வெடித்து, கக்கநல்லா செக்போஸ்டுக்கு 9.10க்கு வந்து நின்றது. டிரைவர் தம்பி இரவு முழுக்க வண்டியிலேயே இருந்தார். காலை ஆறு மணிக்குக் கேட் திறந்து லாரி சைட்டுக்கு வந்தபோது எட்டு. கலவை மெஷினோடு பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அன்றைக்கு ஸ்லாபைப் பாதியில் நிறுத்த முடியாது என்பதால் வேலையையே தள்ளிவைத்து, ஒரு நாள் கூலி கொடுத்தேன். அதற்குப் பிறகு சிமெண்டும் கம்பியும் முந்தின நாள் மதியத்துக்குள் சைட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

கேரளத்தில் கவனிக்க வேண்டியது கூலி. ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2022-23இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 850 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500. கூடலூர் கூலிக்கு ஆட்களைக் கூட்டிப் போய் அங்கே வேலை வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு வாரத்தில் பக்கத்து சைட்டின் கூலி அவர்களுக்குத் தெரிந்துவிடும், அதைக் கேட்பது அவர்கள் உரிமை. அந்த ஊர்க் கூலியைப் போட்டே ரேட் கொடுங்கள். லோடு இறக்கும் கூலியை அந்த இடத்துத் தொழிலாளர் சங்கத்திடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசே தடை செய்துவிட்டது. நியாயமான இறக்கு கூலி வேறு, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

போட்டியும் அங்கே வேறு தினுசு. 1925இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மாதிரியான அமைப்புகள் பெரிய வேலைகளில் முன்னால் நிற்கின்றன. 2024 ஜூலை 30 நிலச்சரிவில் வீடிழந்த முண்டக்கை, சூரல்மலை மக்களுக்குக் கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் நகரியம் கட்டும் வேலையும் அந்தச் சங்கத்திடம்தான் போனது. நம் அளவு ஆட்களுக்கு அதற்குக் கீழே உள்ள பள்ளிச் சுற்றுச்சுவர், ஊராட்சிச் சாலை, சரிவுத் தடுப்பு வேலைகளில் இடம் இருக்கிறது.

ரேட் போடும்போது நம் ஊர் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கேரளப் பொதுப்பணித் துறை டெல்லி ஷெட்யூல் ரேட்டை (அரசு விலைப்பட்டியல்) அடிப்படையாக வைத்து இடத்துக்கு ஏற்பக் குறியீடு சேர்க்கிறது. கர்நாடகத்துக்குத் தனி ஷெட்யூல். நமக்கு மலைப்பகுதிக்கென்று கிடைக்கும் கூடுதல் சதவீதம் குண்டலுப்பேட்டைச் சமவெளியில் கிடைக்காது.

பில் விஷயத்தில் இரண்டு பக்கமும் பொறுமை வேண்டும். கேரளத்தில் கருவூலத்தில் பணம் இல்லாத நேரங்களில் வங்கி மூலம் பில்லைத் தள்ளுபடியில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, அதில் வட்டியின் ஒரு பகுதி நம் தலையில் விழும். கர்நாடக ஒப்பந்ததாரர் சங்கமும் நிலுவை பற்றிப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறது. ஆகவே 43 லட்சம் என்று மேலே போட்ட கணக்கை இரண்டு மாநிலத்துக்கும் பொருத்திப் பாருங்கள்.

தொழிலாளர் சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் எண்ணிக்கை 20இலிருந்து 50ஆகவும், வெளிமாநிலத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் எண்ணிக்கை 5இலிருந்து 10ஆகவும் உயர்ந்திருக்கிறது. எல்லை தாண்டினால் நம் கூடலூர் ஆட்களும் அங்கே வெளிமாநிலத் தொழிலாளர்கள்தான். விபத்துக் காப்பீட்டை அந்த சைட்டின் முகவரி போட்டே எடுங்கள்.

## கேட்ட மூன்று பேருக்கும் சொன்னது

பந்தலூர்த் தம்பிக்கு ஆண்டு வரவு செலவு 60 லட்சம், சொந்த ஜேசிபி ஒன்று. அவருக்கு, வெலிங்டன் பக்கம் எம்இஎஸ் பதிவுக்கு விண்ணப்பம் போடச் சொன்னேன். மழை மாதத்தில் ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்றால் குண்டலுப்பேட்டையில் ஒரே ஒரு சப் காண்ட்ராக்ட், துறை அனுமதிக் கடிதத்தோடு.

கோத்தகிரிக்காரர் மூன்று கோடிக்கு வேலை பார்க்கிறார், மண் ஆணியடித்துச் சரிவைப் பிடிக்கும் வேலையில் ஆள் பயிற்சி உண்டு. அந்தத் திறமைக்கு வயநாட்டில் இன்றைக்குத் தேவை இருக்கிறது. அவருக்கு நேரடிப் பதிவு, கேரளம் மட்டும்.

மூன்றாமவர் கூடலூரிலேயே என் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. பத்தேரி பள்ளிக் கட்டடத்தைக் கேட்டவர் அவர்தான். நிலுவை பில்கள் 22 லட்சம் இங்கேயே நிற்கின்றன. அது வரும் வரை எங்கும் போக வேண்டாம் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனால் சும்மா இருக்கச் சொல்லவில்லை. டிஎஸ்சியைப் புதுப்பிப்பது, கடந்த ஏழு ஆண்டு வேலைகளுக்கும் துறைத் தலைப்பில் முடிவுச் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைப்பது, வங்கியில் சால்வன்சிக்கு எழுதிக் கொடுப்பது, இரண்டு மாநிலத் தளத்திலும் பழைய டெண்டர்களைத் திறந்து எந்த ரேட்டுக்கு முடிந்தது என்று குறித்து வைப்பது. ஜூன் மழைக்கு வீட்டில் இருக்கும் நாட்களில் இவ்வளவையும் முடிக்கலாம். நேற்று மாலை முதல் சான்றிதழோடு வந்து காட்டினார், 2019இல் கட்டிய அங்கன்வாடிக்கு. இன்னும் ஆறு பாக்கி.